கிணத்துக் கப்பி எடையைக் குறைக்குமா, குறைக்காதா?

மேட்டுக்காடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கங்க. ஒரு வேலையும் ஒரு சந்தேகமும் ஒண்ணாச் சேர்ந்து வந்திருக்கு, அதான் இங்க கேக்கறேன்.

எங்க கிணத்துல கிடக்கற நீர்மூழ்கி மோட்டார் எரிஞ்சு போச்சு. மேல எடுத்துக் காயில் கட்டக் குடுக்கோணும். கிணறு 60 அடி, மோட்டார் 50 அடியில தொங்குது. ரெண்டு இன்ச் ஜி.ஐ. பைப். போன தடவை கிணத்து மேட்டுல இருக்கற ரெண்டு கல்தூணுக்கு நடுவுல பனஞ்சட்டம் போட்டு, அதுல ஒத்தைக் கப்பி மாட்டி நாலு பேர் வடக்கயிறு புடிச்சு இழுத்தோம். மொதல் பைப்பைக் கழட்டிட்டு ரெண்டாவது வர்றப்ப ஒருத்தருக்குக் கால் வழுக்கிருச்சு. கயிறு ஓடின ஓட்டத்துல என் உள்ளங்கைத் தோல் உரிஞ்சு வந்துருச்சு. பைப்புல போட்டிருந்த கிளாம்ப் கிணத்து ஓரத்துக் கட்டையில மாட்டி நின்னதால மோட்டார் தப்பிச்சுது. நான் ஒரு மாசம் மம்பட்டி புடிக்கலை.

இந்தத் தடவை ரெண்டு கப்பி போடலாம்னு இருந்தேன். ஒரு கப்பி எடையைப் பாதியாக் குறைக்கும், ரெண்டாவது அதுலயும் பாதியாக் குறைக்கும்னு என் கணக்கு. அதைக் கேட்ட ஒம்பதாவது படிக்கற என் மக, "கிணத்துக் கப்பி எடையையே குறைக்காதுப்பா, நிலையான கப்பிக்கு இயந்திர லாபம் ஒண்ணுதான்"ங்கறா. ஒண்ணுன்னா லாபமே இல்லைன்னுதானுங்களே அர்த்தம்? அப்பறம் எதுக்குங்க காலங்காலமா கிணத்துக்குக் கப்பி போட்டாங்க? வெறுங்கையில இழுக்கறதை விடக் கப்பியில இழுக்கறது லேசா இருக்குதுங்கறது என் அனுபவம். அதுல தப்பு இருக்க முடியாதே?


கரும்பலகை

உங்கள் மகள் சொன்னது சரி. இயந்திர லாபம் என்பது, தூக்கும் பாரம் நாம் கொடுக்கும் விசையைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு. உங்கள் அனுபவமும் சரி. இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

சட்டத்தில் மாட்டிய ஒற்றைக் கப்பியில் 10 கிலோ குடம் தொங்கினால் நீங்களும் 10 கிலோ விசையோடுதான் இழுக்க வேண்டும். உராய்வைச் சேர்த்தால் சற்றுக் கூடுதலாகவே. ஆனால் கப்பி இல்லாவிட்டால் கிணற்றுக்குள் குனிந்து, கைமாற்றி மாற்றி மேல்நோக்கி இழுக்க வேண்டும். முழுப் பாரமும் முதுகிலும் தோளிலும் விழும். கப்பி இருந்தால் நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுக்கிறீர்கள். உடம்பின் எடையே கயிற்றில் தொங்கி வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. எடை குறையவில்லை, இழுக்கும் திசை மாறியது. அந்தத் திசைமாற்றம்தான் நீங்கள் உணர்ந்த லேசு.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 65 கிலோ ஆள் ஒற்றைக் கப்பியில் 90 கிலோவைக் கீழ்நோக்கி இழுத்துத் தூக்க முடியாது. கயிற்றை விடாமல் பிடித்திருந்தால் அவர்தான் மேலே போவார். போன முறை நால்வரில் ஒருவர் கால் வழுக்கியதும் கயிறு ஓடியதற்குக் காரணம் இதுதான். மோட்டாரின் முழு எடையும் உங்கள் நால்வரின் பிடியில் மட்டுமே இருந்தது. கப்பி அதில் ஒரு கிலோவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.


தெற்குவாசல்

கப்பி பெருசாப் போட்டா லேசா இருக்குமேண்ணே? எங்க வீட்ல சின்னக் கப்பியை மாத்திப் பெரிய சகடை போட்டதும் வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சுது.


கரும்பலகை

அது உராய்வு குறைந்ததால், தம்பி. கப்பி எவ்வளவு பெரிதானாலும் இரண்டு பக்கமும் அச்சிலிருந்து ஒரே தூரம்தான். சமமான தராசு மாதிரி. அதனால் இயந்திர லாபம் மாறாது. ஆனால் வட்டம் பெரிதாக இருந்தால் அச்சில் உரசும் இடத்தை வெல்வது சுலபம், கயிறும் அதிகம் வளையாமல் போகும். நீங்கள் உணர்ந்தது உண்மை, காரணம்தான் வேறு.


பம்புசெட்டு

மேட்டுக்காட்டார் கவனத்துக்கு. இருபது வருசமா மோட்டார் ஏத்தி எறக்கற வேலையில இருக்கேன். கப்பி கணக்குக்கு முன்னாடி எடைக் கணக்கைப் பாருங்க.

மோட்டார் 50 கிலோன்னு வெச்சுக்குவோம். ரெண்டு இன்ச் ஜி.ஐ. மீட்டருக்கு 5 கிலோ பக்கம் வரும். 50 அடின்னா 15 மீட்டர், அது 75 கிலோ. தண்ணியைத் திரும்பிப் போக விடாத வால்வு புடிச்சிருந்தா பைப்புக்குள்ள தண்ணி நிக்கும். மீட்டருக்கு ரெண்டு லிட்டருக்கு மேல, மொத்தம் 33 கிலோ. கூட்டினா 158. எல்லாரும் மோட்டார் எடையை மட்டும் கேட்டுட்டுக் கயிறு வாங்கிட்டு வர்றாங்க.

இன்னொண்ணு, அந்தப் பனஞ்சட்டம். கயித்துல இந்தப் பக்கம் 158 தொங்குது. அந்தப் பக்கம் நாலு பேர் 158-க்கு இழுக்கறீங்க. நேர் கீழ இழுத்தா சட்டம் சுமக்கறது 316 கிலோ. தள்ளி நின்னு படுக்கையா இழுத்தாலும் 220-க்குக் குறையாது. மோட்டார் எடையைச் சட்டம் தாங்கும்னு நெனச்சு ஒத்தைக் கப்பி மாட்டறவங்க இந்த ரெண்டு மடங்கை யோசிக்கறதே இல்லை. சட்டம் முறிஞ்சு ஆள் மேல விழுந்த எடத்துக்கு நான் போயிருக்கேன். அதனால இதை விளையாட்டாச் சொல்லலை, தயவுசெய்து அந்தச் சட்டத்துல மறுபடி மாட்டாதீங்க.


கரும்பலகை

அருமையான கணக்கு. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மோட்டாரும் பைப்பும் தண்ணீருக்குள் இருக்கும்வரை மிதப்பு விசை கொஞ்சம் தாங்கும். கிணற்று நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பைப்பில் உள்ள தண்ணீரின் எடையும் கயிற்றுக்குத் தெரியாது. அதனால் தொடக்கத்தில் லேசாக வரும், தண்ணீரை விட்டு மேலே வர வரக் கனக்கும். "நல்லாத்தான் வந்துச்சு, திடீர்னு கனத்துருச்சு" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இனி, எடையை உண்மையிலேயே பங்குபோடும் கப்பி எது என்று பார்ப்போம். கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவைத் தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு காதைப் பிடித்தால் ஆளுக்குப் பாதி எடை. கயிற்றின் ஒரு முனையைச் சட்டத்தில் கட்டி, கீழே ஒரு கப்பிக்குள் விட்டு, மறுமுனையை நீங்கள் மேலே இழுக்கிறீர்கள். பாரம் அந்தக் கப்பியில் தொங்குகிறது. இப்போது அண்டாவின் ஒரு காதைச் சட்டம் பிடித்திருக்கிறது, மறுகாதை நீங்கள். 158 கிலோவில் உங்கள் பங்கு 79.

இந்தப் பாதி சும்மா வரவில்லை. பாரம் ஒரு அடி ஏற வேண்டுமானால் கப்பியின் இரண்டு பக்கக் கயிறும் ஒவ்வொரு அடி சுருங்க வேண்டும். சட்டத்துப் பக்கம் யாரும் இழுக்கப்போவதில்லை. எனவே அந்த அடியையும் சேர்த்து நீங்கள்தான் இரண்டு அடி இழுக்க வேண்டும். விசையில் மிச்சம் பிடித்ததை நீளத்தில் கொடுத்தாக வேண்டும். பல்சக்கரமோ, நெம்புகோலோ, திருகோ, சாய்தளமோ, எதை எடுத்தாலும் இந்தக் கணக்கைத் தாண்டாது.

மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கப்பி போட்டு ஒரே கயிற்றைக் கோத்தால் கீழ்க்கட்டையை நான்கு கயிறு தாங்கும். உங்கள் பங்கு கால்வாசி, இழுக்க வேண்டியது நான்கு மடங்கு. கப்பிகளை எண்ணாதீர்கள். பாரத்தைத் தாங்கும் கயிறுகளை எண்ணுங்கள்.


தெற்குவாசல்

அப்போ இருபது கப்பி போட்டா ஒரு குழந்தை யானையையே தூக்கிறலாம் போல.


பம்புசெட்டு

காகிதத்துல தூக்கலாம் தம்பி. ஒவ்வொரு கப்பியும் தன் பங்குக்கு உராய்வுல கொஞ்சம் தின்னும். ஒரு கப்பி பத்துல ஒரு பங்கு தின்னுதுன்னு வெச்சுக்க. நீ 100 இழுத்தா அடுத்த கயித்துக்கு 90 போகும், அதுக்கடுத்ததுக்கு 81, அப்பறம் 73, அப்பறம் 66. நாலையும் கூட்டிப் பாரு, 310 வருது. நாலு மடங்குன்னு நெனச்சது மூணு சொச்சம்தான். எட்டுக் கயிறு போட்டா அஞ்சு மடங்கு. பன்னெண்டு போட்டா ஆறரைகூட வராது.


கரும்பலகை

இதன் முடிவு இன்னும் வியப்பானது. அதே பத்தில் ஒரு பங்கு இழப்பு என்றால், ஆயிரம் கப்பி கோத்தாலும் மொத்தம் ஒன்பது மடங்கைத் தொடவே தொடாது. துருப்பிடித்த கப்பி ஐந்தில் ஒரு பங்கைத் தின்றால் உச்சவரம்பு நான்கு. வகுப்பில் இந்தக் கூட்டலைப் பலகையில் போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் நம்பாமல் தாங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். நான் மிகவும் விரும்பிக் காத்திருக்கும் பாடவேளை அது.


வலிகாமம்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நாங்கள் பள்ளிக்கூடத்தில இந்த இயந்திர லாபத்தைப் பொறிமுறை நயம் எண்டுதான் படிச்சனாங்கள். நீங்கள் பல்சக்கரம் எண்டுறது எங்களுக்குப் பற்சில்லு.

எங்கட பக்கம் தோட்டக் கிணறுகளில முந்திக் கப்பியை விடத் துலாதான் முக்கியம். ஆடுகாலில நீட்டா ஒரு மரம், கிணத்துப் பக்கத்து நுனியில கொடியும் தண்ணி அள்ளுற பட்டையும், மற்றப் பக்கம் பாரம். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைக்கேக்க துலாவில ஆள் ஏறி நிண்டு மிதிப்பினம். கிணத்துப் பக்கம் நடந்தால் பட்டை தாழும், பின்பக்கம் நடந்தால் தண்ணியோட எழும்பும். என்ரை அப்பு விடியப்புறம் மிதிக்கத் தொடங்கினால் வெயில் ஏறும்வரைக்கும் இறங்கமாட்டார். கையால ஒரு இழுப்பும் இல்லை, நடைதான். ஆளின்ர பாரம் அதே பாரம்தான், நிக்கிற இடம் மாற அதின்ர வலு மாறுது. நெம்புகோல் எண்டதை நான் படிச்சு விளங்கினது பிறகு. அவற்றை காலடியைப் பார்த்து அறிஞ்சது முதல்.


மேட்டுக்காடு

வலிகாமத்தார் சொன்னதைப் படிச்சதும் எங்க தாத்தன் எருது பூட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓட்டினது ஞாபகம் வந்துருச்சுங்க. கிணத்துல இருந்து பின்னால சரிவா வாரி வெட்டியிருக்கும். எருது ரெண்டும் சரிவுல எறங்கிப் போறப்ப தண்ணி மொள்ற பறி மேல வரும். தாத்தன் வடத்து மேல உக்காந்துக்குவாரு. அவரு சொகுசுக்கு உக்கார்றாருன்னு சின்னப்பவே நெனச்சிருந்தேன்.


கரும்பலகை

சொகுசு இல்லை, பாரம் சேர்த்தார். கவலையின் மேல் உருளை நிலையான கப்பிதான், எடையைக் குறைக்காது. நிறைந்த பறியின் முழுப் பாரமும் எருதுகளின் கழுத்துக்கு வரும். அதனால்தான் சமதரையில் ஓட்டாமல் சரிவு வெட்டினார்கள். இறங்கும்போது எருதுகளின் சொந்த எடையில் ஒரு பங்கு இழுப்போடு சேரும், உங்கள் தாத்தாவின் எடையும் சேரும். ஏறி வரும்போது பறி காலி. கப்பி கொடுக்காததைச் சாய்தளத்திடம் வாங்கியிருக்கிறார்கள். யார் முதலில் யோசித்தார்களோ, அந்த ஆளை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

வரலாறாகவும் ஒரு பத்தி. சிராக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கூட்டுக்கப்பி வைத்துத் தனியாளாக ஒரு கப்பலை இழுத்துக் காட்டினார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். அலெக்சாந்திரியாவின் ஹீரோ, முதலாம் நூற்றாண்டில், நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு, அச்சில் சுற்றும் உருளை என ஐந்து எளிய இயந்திரங்களை ஒரு நூலில் தொகுத்தார். அந்த நூல் முழுமையாக நமக்குக் கிடைத்தது அரபு மொழிபெயர்ப்பின் வழியாகத்தான். விசையில் பெறுவதை வேகத்திலும் தூரத்திலும் இழந்தே தீர வேண்டும், இயற்கையை ஏமாற்ற முடியாது என்று 1600 வாக்கில் தெளிவாக எழுதியவர் கலிலியோ.


இரட்டைமிதி

சைக்கிள் ஓட்டுறவன் நான். ஒரு சந்தேகம் ரொம்ப நாளா. கியர்னா பலம் கூட்டுறதுதானே? ஆனா எங்க அப்பாவோட பழைய சைக்கிள்ல முன்னாடி பெரிய பல்சக்கரம், பின்னாடி சின்னது. தலைகீழா இருக்கே?


கரும்பலகை

பற்களை எண்ணிச் சொல்ல முடியுமா?


இரட்டைமிதி

எண்ணிட்டேன். முன்னாடி 44, பின்னாடி 18. மிதிக்கட்டை தண்டு நீளம் பதினாறரை செ.மீ. சக்கரம் 28 இன்ச்.


கரும்பலகை

அப்படியானால் நீங்கள் பெடலில் 40 கிலோ கொடுத்தால், சங்கிலியில் எவ்வளவு வந்தாலும், கடைசியில் சக்கரம் தரையைத் தள்ளுவது ஏழரை கிலோ விசையில்தான். தண்டு நீளத்தைச் சக்கர ஆரத்தால் வகுத்து, 18-ஐ 44-ஆல் வகுத்ததோடு பெருக்குங்கள். 0.19 வரும். சைக்கிள் விசையைக் கூட்டும் இயந்திரம் இல்லை. விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும் இயந்திரம். சமதரையில் உருள ஏழரை கிலோ தாராளம், அதனால் அந்த வியாபாரம் கட்டுப்படியாகிறது. மேடு வந்தால்தான் கட்டுப்படியாகாமல் இறங்கித் தள்ளுகிறோம். முன்னால் 22, பின்னால் 34 பல் வைத்த மலையேற்றச் சைக்கிளில்கூட இந்த எண் 0.8 பக்கம்தான் வரும், ஒன்றைத் தொடாது.

இதற்கு நேர்மாறானது கரும்புச்சாறு வண்டி. கையால் சுற்றும் அந்தப் பெரிய சக்கரத்தின் அச்சில் சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது உருளையோடு சேர்ந்த பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். நீங்கள் பல சுற்றுச் சுற்ற, உருளை ஒரு சுற்றுச் சுற்றும், கரும்பு சப்பையாக வெளியே வரும். பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி நெம்புகோல். நெம்புகோல் ஒரு எல்லைக்கு மேல் திரும்பாது. இங்கே ஒரு பல் தள்ளி முடிப்பதற்குள் அடுத்த பல் வந்து நிற்கும், அதனால் நெம்புதல் நிற்பதேயில்லை. இணைகளை அடுத்தடுத்து வைத்தால் பெருக்கிக்கொண்டே போகும். நாலுக்கு ஒன்று, பின் ஐந்துக்கு ஒன்று என்றால் இருபது.


பம்புசெட்டு

பெருக்கல்னு சொன்னதால வர்றேன். மேட்டுக்காட்டாருக்கு வேண்டியது இதுதான். கயித்துக் கப்பியை விட்ருங்க. வாடகைக் கடையில ஒரு டன் செயின் பிளாக்கும் இரும்பு முக்காலியும் கிடைக்கும். கை செயின் சுத்தற சக்கரம் பெருசு, கொக்கிச் செயினைத் தூக்கற சக்கரம் ரொம்பச் சின்னது, நடுவுல பல்சக்கரம். ஒரு ஆள் போதும். முக்கியமா, கையை விட்டாலும் பாரம் அப்படியே நிக்கும். தூக்கறப்ப டிக் டிக்னு சத்தம் வருதே, அது பிரேக்கோட சேர்ந்த பல்லுல கொண்டி விழற சத்தம். அந்தச் சத்தம் இல்லைன்னா பாரத்தை மாட்டாதீங்க.

கொக்கி 3 மீட்டர்தான் ஏறும். 20 அடி பைப்புக்கு ரெண்டு மூணு தடவை கிளாம்ப் மாத்திப் புடிக்கோணும். ஒவ்வொரு தடவையும் கீழ் கிளாம்ப் இறுகின பின்னாடிதான் மேல் கொக்கியைத் தளர்த்தோணும்.


வலிகாமம்

பற்சில்லு இல்லாத பழைய செயின் கப்பி ஒண்டு எங்கட வேலைத்தலத்தில கிடந்தது. அது எப்பிடி?


கரும்பலகை

அது வெஸ்டன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கொண்டுவந்த வேற்றுமைக் கப்பி. மேலே ஒரே அச்சில் இறுகிய இரண்டு சக்கரம், ஒன்று மயிரிழை பெரிது. பெரியதில் 15 கண்ணி, சின்னதில் 14 என்று வையுங்கள். ஒரு சுற்றில் பெரியது 15 கண்ணியை மேலே இழுக்கும், சின்னது 14 கண்ணியைக் கீழே விடும். மிச்சம் ஒரு கண்ணி. கீழே அசையும் கப்பி அதையும் பாதியாக்குவதால் கொக்கி ஏறுவது அரைக் கண்ணி. 15 இழுத்து அரை ஏறினால் முப்பது மடங்கு. இரண்டு சக்கரமும் எவ்வளவுக்கெவ்வளவு ஒன்றுபோல இருக்கிறதோ அவ்வளவுக்கு வலு கூடும். உராய்வு பாதிக்கு மேல் தின்றுவிடும், ஆனால் அதே உராய்வுதான் கையை விட்டாலும் பாரம் இறங்காமல் பிடித்து நிறுத்துகிறது.


மேட்டுக்காடு

எல்லாருக்கும் நன்றிங்க. மோட்டார் மேல வந்துருச்சு. நானும் என் மச்சானும் மட்டும்தான். காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சுது. சத்தம் கேட்டுட்டேதான் இழுத்தோம்.

மக சும்மா இருக்கலை. கிணத்தை விட்டுத் தள்ளி நின்னுதான்னு கட்டாயமாச் சொல்லி, ஒண்ணு பண்ண விட்டேன். கை செயின்ல ஒரு கண்ணியில சிவப்புத் துணி கட்டிச் சுத்தை எண்ணினா. கொக்கி ஒரு அடி ஏற 40 அடி செயின் இழுக்க வேண்டியிருந்துச்சு. அப்படின்னா அம்பது அடிக்கு ரெண்டாயிரம் அடி, அரைக் கிலோமீட்டருக்கு மேல நான் செயின் இழுத்திருக்கேன்! கடைசியில மோட்டாரும் ஒரு பைப்பும் மட்டும் காத்துல தொங்கறப்ப, கைச் செயின்ல தொங்குதராசு மாட்டி மெதுவா இழுத்தா மூணரை கிலோ காட்டுச்சு. அந்த மோட்டாரையும் பைப்பையும் காயில் கட்டற எடத்துல எடை போட்டப்ப 82 கிலோ. "40 மடங்கு வரோணும், 23 தான் வருதுப்பா, மீதி எங்க போச்சு?"ன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கா.


கரும்பலகை

82-ஐ 3.5-ஆல் வகுத்தால் 23.4, அதை 40-ஆல் வகுத்தால் சுமார் 59 சதவீதம். மீதி 41 சதவீதம் பல்சக்கர உரசலிலும் செயின் மடிப்பிலும் சூடாகப் போனது. ஒரு டன் தூக்க வேண்டிய கருவியில் 82 கிலோ மாட்டியதால் அதன் சொந்த இறுக்கமே பெரிய பங்காகத் தெரிகிறது. பாரம் கூடக் கூட இந்தச் சதவீதம் ஏறும். கருவியை வைத்துத் தானே அளந்து, வித்தியாசத்தைக் கேள்வியாக எழுதிய பிள்ளைக்கு என் வாழ்த்து. அந்தப் பக்கத்தை அவளுடைய ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.


மேட்டுக்காடு

காட்டறேங்க. பம்புசெட்டு அண்ணா, ஒரே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை மறுபடி எறக்கோணும். எறக்கறப்பவும் அத்தனை செயினும் இழுக்கோணுமா, இல்லை பிரேக்கை விட்டா தானா எறங்குமா?


பம்புசெட்டு

இழுத்துத்தான் ஆகோணும், மறுபக்கச் செயினை. நீங்க இழுக்கற அளவுக்குத்தான் பிரேக் விட்டுக் குடுக்கும், நிறுத்தினா நின்னுரும். கொண்டியைக் கையால தூக்கி விடற வேலையெல்லாம் வேண்டாம்.

எறக்கறதுக்கு முன்னாடி கொக்கிச் செயினுக்கு எண்ணெய் போடுங்க. கைச் செயின் பக்கத்து மூடிக்குள்ள மட்டும் ஒரு சொட்டு விட்றாதீங்க, பிரேக் தட்டு அங்கதான் இருக்கு. புதுப் பைப் மாட்டறதா இருந்தா காலர் மரையையும் ஒருவாட்டி பாத்துக்குங்க.